பத்து மீட்டர் போதும்

துப்பாக்கி பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளையை ஒரு மாதிரி பார்க்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். அப்புறம் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் களம் இறங்கினார். அவர் பயின்றது குஜராத்தில். அந்த வாய்ப்பு கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிள்ளைக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சில்வர் பீச்சில் மகன் பலூனைச் சுட்டு உடைத்தால் கைதட்டுகிற அப்பா, "ரைபிள் பயிற்சியில் சேர்த்துவிடுங்களேன்" என்றதும் முகம் மாறிவிடுகிறார். போலீஸ், லைசென்ஸ், கோர்ட் என்று பயம். குழாயின் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் வேகம் தரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு ஆயுத விதிகள் 2016-இன்படி உரிமமே வேண்டாம். போட்டி ரைபிள்கள் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்காக வாங்கி வந்து ஊசுட்டேரியிலும் பெருமாள் ஏரியிலும் கொக்கு சுடுகிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவர்களால்தான் விளையாட்டாகச் சுடுகிறவர்களுக்கும் கெட்ட பெயர்.

இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ரீலோடிங் பற்றி. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, புது குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கும் கைவேலை அது. அங்கே பலருக்கு அது பெரிய பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-இன்படி குற்றம். மருந்து இரண்டு மடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கியே முகத்துக்கு நேரே வெடிக்கலாம். அதுவும் என்.சி.சி. முகாமில் நம் பிள்ளைகள் சுடுகிற .22 தோட்டாவை வீட்டில் ரீலோட் செய்வது நடைமுறையில் ஆகாத காரியம். அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும், அவ்வளவுதான்.

ரீலோடிங் செய்கிறவர்கள் தேடுவது ஒவ்வொரு தோட்டாவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதை. அந்த ருசி ஏர் ரைபிளிலேயே இருக்கிறது. பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டு வரும் டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று குண்டின் தலை அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். ரைபிளை அசையாமல் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டப்பாவில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போய் விழும். இன்னொன்றில் ஓட்டை கிழிந்து அகலும். உங்கள் குழாய்க்கு எது பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பின்பக்க விளிம்பு நெளிந்த பெல்லட்டை ஒதுக்குங்கள். நம் கடற்காற்றில் ஈயம் வெள்ளை பூத்துவிடும், டப்பாவைத் திறந்து போடாதீர்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

இவ்வளவும் அரை மில்லிமீட்டர் புள்ளிக்காக. 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான நடு வளையம் அவ்வளவே. 75 நிமிடத்தில் 60 குண்டு, எல்லாம் நின்றபடி. புள்ளியின் நட்டநடுவில் பட்டால் உச்ச மதிப்பெண் 10.9. நாடித்துடிப்பில் குழாய் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆட்டம் அடங்கும் அந்த நொடியில் விரலை மெல்ல அழுத்த வேண்டும். சரியாக வரவில்லை என்றால் ரைபிளை இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். அந்த இறக்குகிற பொறுமையைக் கற்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ரைபிள் இருப்பது எனக்குத் துளியும் பயமில்லை.

பெரிய மைதானம் கேட்கவில்லை. சுடும் தூரம் 10 மீட்டர்தான். பள்ளியில் பூட்டிக் கிடக்கிற ஒரு நீளமான கூடம், குண்டைத் தாங்கும் பின்சுவர், நல்ல விளக்கு, ரைபிளைப் பூட்டி வைக்க இரும்பு அலமாரி, கூடவே விதி தெரிந்த ஒரு பயிற்சியாளர். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்திலும் என்.சி.சி. இருக்கிற பள்ளிகளில் இதைத் தொடங்கலாம். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு கூடம் சும்மா கிடந்தால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.