அஞ்சு நிமிஷம் ஓட்டி வைத்தால் பேட்டரி நிறையாதுங்க!

"பேட்டரி போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க." மினி டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் காதில் இந்த வாக்கியம் விழாமல் ஒரு வேலைப் பருவமும் தொடங்குவதில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. உடனே சுற்றி நிற்கிற ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே பேட்டரிக்கு இறப்புச் சான்றிதழ் தயார். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, சத்தத்துலயே தெரியுதே" என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

போன முறை இதே கூத்து நடந்தபோது மல்டிமீட்டரை நானே எடுத்து வந்தேன். பேட்டரியின் ஈய முனைகள் இரண்டிலும் வைத்தால் 12.6 வோல்ட். நிறைந்த சார்ஜ். அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கவில்லை? மீட்டரின் ஒரு ஊசியைப் பாசிட்டிவ் முனையின் ஈயத்திலும், இன்னொன்றை அதைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு உலோகத்துக்கு நடுவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அதுவோ 5 வோல்ட்டைத் தாண்டிப் போனது. கிளாம்பைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கி நுரைத்து இறங்குகிறது. கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. தீர்ப்பு சொன்னவர் முகத்தில் அசடுகூட வழியவில்லை. "இருந்தாலும் மாத்திடறது நல்லது" என்றார்!

இதையாவது விட்டுவிடலாம். என்னை நிஜமாகவே கொதிக்க வைப்பது இன்னொரு அறிவுரை: "வண்டி சும்மா நிக்குதா? வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, பேட்டரி அப்படியே இருக்கும்." சொல்லாத ஆள் கிடையாது. கணக்குப் போட்ட ஆள்தான் கிடையாது.

போட்டுப் பார்ப்போம். சின்ன எஞ்சினை எழுப்ப செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் சில நொடிகளுக்குத்தான். டீசல் வண்டியில் அதற்கு முன்னால், எஞ்சினுக்குள் சூடேற்றித் தருகிற குளோ பிளக் வேறு சூடாக வேண்டும். இரண்டும் சேர்ந்து கால் ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி) போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஐடிலில் ஓடுகிற எஞ்சினில் டைனமோவிலிருந்து பேட்டரிக்குள் 3 ஆம்பியர் போனால் அதிகம். அஞ்சு நிமிஷத்துக்கு அதுவும் கால் ஆம்பியர்-மணிதான். எடுத்ததைத் திருப்பி வைத்தாயிற்று, அவ்வளவுதான்! ஏற்கெனவே குறைந்திருந்தது குறைந்தபடியே இருக்கிறது. இதில் ஈய அமில பேட்டரியின் குணத்தையும் பார்க்க வேண்டும். 80 சதவீதம் வரை அது சடசடவென்று வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் காக்க வைக்கும். எவ்வளவு பெரிய டைனமோ இருந்தாலும் அந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது. அஞ்சு நிமிஷ ஆசாமிகளின் பேட்டரி அந்தப் பகுதியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, சூடேறாத எஞ்சினை அடிக்கடி எழுப்பி நிறுத்தினால் ஆயிலில் ஈரம் சேருகிறது. எஞ்சினுக்கும் நஷ்டம்.

குறையாக நின்றால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். அதுதானே எல்லாம்! மின்சாரம் இறங்கும்போது பேட்டரிக்குள் இருக்கிற ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெரிதாகி இறுகிப்போகும், அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் அசையாது. 12 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 12.6 காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். 12 காட்டுகிற பேட்டரியைப் பார்த்து "அதான் 12 வோல்ட் இருக்கே" என்கிறவர்களிடம் என்னத்தைப் பேசுவது? 12 என்றால் கால்வாசிதான் மிச்சம்! உறைபனி விழும் இடங்களில் இன்னும் மோசம்: நிறைந்த பேட்டரியின் அமிலம் கடுங்குளிரையும் தாங்கும், காலியானது மைனஸ் 10 டிகிரிக்கு முன்னாலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும்.

"சாவிதான் ஆஃப்ல இருக்கே, எப்படிக் குறையும்?" என்பது அடுத்த கேள்வி. தானாகவே மாதம் சில சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. அதோடு டிஜிட்டல் மீட்டர், கடிகாரம், யாரோ இழுத்துவிட்ட கூடுதல் விளக்கு என்று எங்கேயாவது ஒரு மூலையில் 30 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். கேட்டால் தூசு மாதிரி இருக்கிறது, இல்லையா? 30 நாளைக்கு அது 21.6 ஆம்பியர்-மணி. சின்ன டிராக்டரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பாதிக்கு மேல் போயிற்று, ஒரு வேலையும் செய்யாமல்.

சார்ஜர் சமாச்சாரத்துக்கு வருவோம். இந்தச் சின்ன பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு போதும், 3 அல்லது 4 ஆம்பியர். ஆனால் லாரி பேட்டரிக்கான பெரிய சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டி, முள்ளை 20-க்குத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து பார்த்து, "பாருங்க, எப்படிக் கொதிக்குது, சூப்பரா ஏறுது" என்று பெருமை வேறு. அது கொதி இல்லை ஐயா, தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆவி மாதிரி போகிறது! பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் மூடி முகத்தில் வெடிக்கும். சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்குகிற கைகளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தானாகக் கட் ஆகாத பழைய சார்ஜரை இரவு முழுக்க மாட்டிவிட்டுத் தூங்குகிறவர்கள், காலையில் தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தால் பேட்டரி கம்பெனியைத் திட்டுகிறார்கள். 14.4 வோல்ட் வாக்கில் ஏற்றி, நிறைந்ததும் 13.5-க்குத் தானே இறங்கி நிற்கிற சார்ஜர்கள் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது.

வற்றிய இடத்தில் என்ன ஊற்றுகிறார்கள் என்று பார்த்தால் அடுத்த தலைவலி. ஒருவர் குழாய்த் தண்ணீர். இன்னொருவர் 'பவர் ஏறட்டும்' என்று ஆசிட். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது. அதையும் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றணும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்னால், அதை மூடுகிற அளவுக்கு. வழிய வழிய நிரப்பி சார்ஜ் போட்டால் அமிலம் பொங்கி வெளியே வந்து கிளாம்பையும் பெட்டியையும் தின்னும். அந்தப் பச்சைப் பொடி வேறெங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

சிமென்ட் தரையில் பேட்டரியை வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பதை மட்டும் எல்லாரும் தவறாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், மரப்பலகை தேடி ஓடுகிறார்கள். பழைய காலத்துப் பெட்டிகளுக்குச் சொன்னது அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு எந்தத் தரையானாலும் ஒன்றுதான். வண்டிக்குள் பேட்டரியைப் பிடித்துவைக்கிற கம்பி லூசாகி, குலுங்கிக் குலுங்கி தகட்டுப் பூச்சு உதிர்வதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

தயாரிப்பாளர்களையும் விடுவதாக இல்லை. மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டி என்று தெரிந்துதானே விற்கிறார்கள்? நெகட்டிவ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைக்க என்ன கேடு? கையேட்டில் மட்டும் 'நீண்ட நாள் நிறுத்தும்போது நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவும்' என்று ஒரு வரி. கழற்றுகிறேன், நெகட்டிவைத்தான் முதலில் கழற்றுகிறேன், பாசிட்டிவில் போட்ட ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் வண்டியில் அந்த நெகட்டிவ் முனையைத் தொட வேண்டுமென்றால் சைடு கவரைக் கழற்றி, ஏர் கிளீனரை நகர்த்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பத்தாம் நம்பர் நட்டைக் கையால் தடவித் தேட வேண்டியிருக்கிறது. வரைந்த மகராசன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைத் தானே கழற்றிப் பார்க்கட்டும்.