"தாழ்த்தினால் அப்படித்தான் சார்"

காரின் உயரத்தை 30 மில்லிமீட்டர் தாழ்த்தியதிலிருந்து முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரே பதில்: "தாழ்த்தினால் அப்படித்தான் சார்." காரணமில்லாமல் இரும்பு சத்தம் போடுமா?

வேகத்தடையில் இறங்கும்போது இடித்தால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைப் பார்க்க வேண்டும். சிறு குழிகளில் கடகடத்தால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்றால் ஸ்டிரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனையில் இருக்கும் மவுண்ட் பேரிங்கையோ, ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் மேல் லேசாக விரல் வைத்தாலே அந்த உதறல் தெரிந்துவிடும். குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

எனக்கு ஆத்திரமே மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் விஷயத்தில்தான். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. கிரீச்சிடுகிறது, சீக்கிரமே கிழிகிறது. சக்கரத்தின் மேல் வண்டியின் எடை இருக்கும்போது இறுக்க வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி அல்லவா? அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நல்ல ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்லி மட்டும் உடனே பில் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்!