பழைய எம்ஜியில் டர்போ ரோட்டரி: யாருக்காக அழுகிறீர்கள்?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜப்பானின் மாஸ்டா செய்த 13பி என்ற டர்போ ரோட்டரி எஞ்சினை இறக்குகிறவர்களைக் கண்டாலே ஒரு கூட்டத்துக்கு ஆகாது. காரின் புனிதம் போய்விட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். இன்னொரு கூட்டம் "எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டுக்கொண்டே வரும். பதில் நானூறுக்குக் குறைவாக இருந்தால் முகம் வாடிவிடும். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை உண்டு. முதல் கூட்டத்தோடு கொஞ்சம், இரண்டாவது கூட்டத்தோடு நிறைய.

முதலில் இந்தப் புனிதத்தைப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் இந்த வேலைக்கு மாட்டுவது எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை, திறந்த ரோட்ஸ்டரும் கூரை வைத்த ஜிடியும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் வந்த கார். அதில் இருக்கும் 1798 சிசி எஞ்சின் எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் பி சீரிஸ் வகை. அந்தக் குடும்பத்தின் தொடக்கம் 1947இல் வந்த ஆஸ்டின் ஏ40. பிறகு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியான குடும்பக் கார்களிலும் சரக்கு வேன்களிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் ஓடியது. ஸ்போர்ட்ஸ் காருக்கென்று உட்கார்ந்து யோசித்து வடித்த எஞ்சின் அல்ல, கிடங்கில் இருந்ததை எடுத்து மாட்டினார்கள். ஆரம்பத்தில் 95 குதிரைத்திறன். அமெரிக்கப் புகை விதிகளுக்காக ஒற்றை கார்புரேட்டர் போட்டு மூச்சை அடைத்த கடைசிக் காலக் கார்களில் அது அறுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. உழைப்பாளி எஞ்சின்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. டிரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரையிலான கார்களின் எஞ்சினோ இன்னும் ஒரு படி மேலே: ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. உழவு எஞ்சினைத் தூக்கியதற்கா இத்தனை அழுகை?

எஞ்சின் மாற்றுவது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வரலாற்றுக்கு அந்நியமும் அல்ல. ஏசி நிறுவனத்தின் ஏஸ் காரில் இருந்த பிரிஸ்டல் ஆறு சிலிண்டர் எஞ்சினின் வேர் பிஎம்டபிள்யூ 328இல் இருக்கிறது. அதே உடலில் 1962இல் அமெரிக்கர் கேரல் ஷெல்பி ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8ஐ இறக்கினார், கோப்ரா பிறந்தது. இன்று அதைப் பார்த்து யாரும் அழுவதில்லை, ஏலத்தில் கை தூக்குகிறார்கள். 1964இல் சன்பீம் டைகர், அதிலும் ஃபோர்டு வி8. 1968இல் மார்கன் பிளஸ் 8 ரோவர் வி8ஓடு வந்தது, அந்த ரோவர் எஞ்சினே அமெரிக்க ப்யூக்கிடமிருந்து வாங்கியது. 1973இல் அதே எஞ்சினை எம்ஜி தானே ஜிடிக்குள் போட்டு, 2,591 கார்கள் செய்தது. இரும்பில் வார்த்த பி சீரிஸுக்கும் அலுமினிய வி8க்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை என்பதால் காரின் குணமும் கெடவில்லை. அப்படியிருக்க, ஜப்பானிலிருந்து வந்தால் மட்டும் தீட்டா? 1989இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது பிரிட்டனின் லோட்டஸ் எலானைப் பார்த்துத்தான் பாடம் படித்தது. ரோட்டரியும் பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1992இல் ஸ்டீவ் ஹிஸ்லாப் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பைக் பந்தயத்தை வென்றது பிரிட்டனின் நார்ட்டன் ரோட்டரி பைக்கில்தான்.

சரி, பஞ்சாயத்து முடிந்தது. இனி எஞ்சினுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ரோட்டரியில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் இல்லை. வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, சிலிண்டர் ஹெட்டும் இல்லை. இடுப்பு ஒடுங்கிய ஒரு முட்டை வடிவக் கூட்டுக்குள், மூன்று முனை கொண்ட ரோட்டர் ஆட்டுக்கல்லில் குழவி உருள்வதைப்போல் உருண்டுகொண்டே தானும் சுற்றுகிறது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். 13பியில் இப்படி இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308. உயரமும் குறைவு, நீளமும் குறைவு. அதனால் எம்ஜிபிக்குள் இதை முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளி, தாழ்த்தி உட்காரவைக்க முடிகிறது. கார் திரும்பும்போது மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். டர்போ, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், குழாய் என்று சேர்க்கச் சேர்க்க எடையில் கிடைத்த லாபம் கரைந்துவிடும் என்பது வேறு விஷயம். எடை இருக்கும் இடம் மாறுகிறது, அதுவே எனக்குப் போதும்.

பலர் கவனிக்காத இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. வி8 போடுகிறவர்கள் பின் ஆக்ஸிலின் பல் விகிதத்தையும் மாற்றியாக வேண்டும். எம்ஜிபியில் இருப்பது 3.909, வி8 ஜிடிக்குத் தொழிற்சாலையே 3.07 போட்டது. இந்த எண் கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும். ரோட்டரிக்கோ சுற்று ஏறினால்தான் உயிர் வரும். 13பி டர்போவோடு வந்த மாஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் விகிதமே 4.1. ஆக, எம்ஜிபியில் ஏற்கெனவே இருக்கும் பல்சக்கரமே ரோட்டரிக்குக் கிட்டத்தட்டச் சரியாக உட்காருகிறது. ஆர்எக்ஸ்-7இன் ஐந்து கியர் பெட்டியையும் எஞ்சினோடு சேர்த்தே எடுத்துக்கொண்டால், புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவெடுத்துச் செய்தால் போதும்.

எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைனை வைத்து எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. அதுவும் ரோட்டரியும் கூட இயல்பான ஜோடிதான். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் வாய் மெல்லத் திறக்கும் வால்வு அல்ல, ரோட்டரின் முனை கடந்ததும் படாரென்று திறந்துகொள்ளும் ஓட்டை. சூடான வாயு முழு வேகத்தோடு டர்பைன் மேல் பாயும். டர்போ இல்லாத ரோட்டரிக்குக் கீழ்ச்சுற்றில் இழுவை குறைவு, அந்தக் குறையை டர்போ ஈடுகட்டுகிறது. தெருவையே எழுப்பும் அதன் சத்தத்தையும் கொஞ்சம் அடக்குகிறது. அக்கம்பக்கத்தாரோடு உறவு முக்கியம் என்றால் இது சின்ன லாபமல்ல.

ஆனால் அந்தப் பாய்ச்சலுக்குக் காரணமான வெப்பம்தான் இந்த வேலையின் வில்லன். ரோட்டரியின் எரி அறை நீண்டு, தட்டையாக, நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அப்படியும் கடைசி மூலைவரை தீ போய்ச் சேர்வதில்லை, மிச்சம் எக்ஸாஸ்ட் குழாயில் எரிகிறது. பிஸ்டன் எஞ்சினில் எரிந்த அதே இடத்துக்கு அடுத்த சுற்றில் குளிர்ந்த காற்று வரும். ரோட்டரியில் அது கிடையாது. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றை இழுக்கும், மறுபக்கம் எப்போதும் தீயில் நிற்கும். அந்தக் கூடும் ஒரே வார்ப்பல்ல. அலுமினிய அடுக்கும் இரும்பு அடுக்கும் மாறி மாறி வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய அடுக்கு. சூட்டில் அலுமினியம் விரியும் அளவும் இரும்பு விரியும் அளவும் வேறு. ஒரே ஒரு முறை நன்றாகக் கொதித்துவிட்டால் நடுவிலிருக்கும் தண்ணீர் சீல்கள் போய்விடும். பிறகு எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிப்பதுதான் வழி. ரோட்டரின் உள்ளே குளிர்விப்பது எண்ணெய். ஆகவே பெரிய ஆயில் கூலர் இல்லாத ரோட்டரி, தண்ணீரில்லாத ரேடியேட்டருக்குச் சமம்.

இப்போது எம்ஜிபியின் முகத்தைப் பாருங்கள். அழகான முகம், சின்ன வாய். அந்த வாய் வழியே வரும் காற்றுக்கு ரேடியேட்டர், ஆயில் கூலர், இன்டர்கூலர் மூன்றும் போட்டி போடும். போன காற்று வெளியேறவும் வழி வேண்டும். பழைய கார்களில் பானெட்டுக்கு அடியில் சேரும் சூடு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். 13பியில் காற்று உள்ளே போகும் வழியும் எக்ஸாஸ்ட் வரும் வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக. நடுவில் பழுக்கக் காய்ந்த டர்போ. பக்கத்தில் போகும் பிரேக் குழாய், ஒயர், ஸ்டியரிங் தண்டு எல்லாவற்றுக்கும் வெப்பத் தடுப்பு வேண்டும். முகத்தை வெட்டாமல் காற்றை உள்ளே விடுவதும், பானெட்டில் அசிங்கமாக ஓட்டை போடாமல் வெளியே விடுவதும்தான் இந்த வேலையில் உண்மையான கைத்திறன். எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டை வெல்டிங் தெரிந்த யாரும் செய்துவிடலாம்.

இதனால்தான் குதிரைத்திறன் கேட்கும் கூட்டத்தோடு எனக்குச் சண்டை. இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 டர்போ 1989இல் அமெரிக்கச் சந்தையில் கொடுத்தது 200 குதிரைத்திறன். எம்ஜிபி ரோட்ஸ்டரின் எடை சுமார் ஒரு டன்தான். தன் பிறவி எஞ்சினைவிட இரண்டு மடங்கு திறன் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. அதற்கு மேல் பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, ஏற்ற ஏற்ற, பெட்ரோல் கலவை கொஞ்சம் பிசகினாலும் கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும். பிஸ்டன் எஞ்சின் சிறிது தட்டலைப் பொறுத்துக்கொள்ளும். ரோட்டரி பொறுக்காது. ரோட்டர் முனையில் இருக்கும் 2 மில்லிமீட்டர் கனமுள்ள அபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியே போய் டர்பைனையும் கடித்துவிட்டுப் போகும். ஒரே நொடியில் இரண்டு செலவு. அறுபதுகளில் மாஸ்டாவின் பொறியாளர்கள் பட்ட பாடே இந்த சீலோடுதான். கூட்டின் உட்சுவரில் சீல் அதிர்ந்து விழுந்த கீறல்களுக்குப் பிசாசின் நகக்கீறல் என்றே பெயர் வைத்தார்கள். அதை ஒருவழியாக அடக்கித்தான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. அவ்வளவு பேர் மெனக்கெட்டுக் கட்டிய எல்லையை, நண்பரின் லேப்டாப்பை வைத்து ஒரு மாலையில் தாண்டிவிடலாம் என்று நினைப்பது எனக்குப் புரிவதேயில்லை.

இன்னொரு பக்கம் காரின் எலும்பு. எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷனில் அதிர்வை அடக்கும் லீவர் டேம்பரின் கைதான் சக்கரத்தை மேலே பிடிக்கும் விஷ்போன் வேலையையும் பார்க்கிறது. பின்னால் லீஃப் ஸ்பிரிங், டிரம் பிரேக். டர்போ ஒரேயடியாக விழித்துக்கொள்ளும்போது பின் ஆக்ஸில் ஸ்பிரிங்கோடு முறுக்கிக்கொண்டு துள்ளும். பிரேக்கும் டேம்பரும் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் முதலில், எஞ்சின் பிறகு. இந்த வரிசையில் போகிறவர் அபூர்வம், ஏனென்றால் டேம்பரைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் கைதட்டுவதில்லை. ஆரம்பக்கால டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். 63 குதிரைத்திறனுக்கே அதன் பின்சக்கரம் திருப்பத்தில் உள்பக்கம் மடங்கும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் தன் பழைய அடையாளத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, வாகனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ நெடுங்காலம் ஒரு புள்ளிக்கணக்கை வைத்திருந்தது. மொத்தம் 14, தேவை 8. அதில் சேசிஸ் அல்லது தனிச் சேசிஸ் இல்லாத மோனோகாக் உடலுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் தலா 2. எஞ்சினுக்கு எவ்வளவு தெரியுமா? 1. காரின் ஆன்மா எஞ்சினில்தான் என்று வாதாடுகிறவர்கள் அரசாங்கத்தின் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். உடலை வெட்டுவதுதான் பெரிய விஷயம், எனவே போல்ட்டைக் கழற்றினால் பழையபடி திரும்பும் விதமாகவே செய்யுங்கள். 40 வயது தாண்டிய காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் இல்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்றும் அந்த வழிகாட்டுதல் பார்க்கச் சொல்கிறது. சிலிண்டரே இல்லாத எஞ்சினுக்கு என்ன எண்ணிக்கை எழுதுவது என்று எனக்குச் சிரிப்புத்தான் வரும். விலக்கு கிடைத்தாலும் இப்படிப்பட்ட காரைச் சோதனைக்கு ஓட்டிப் போவதே நல்லது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஸ்பேனரை எடுக்கும் முன் இன்றைய விதியைப் படித்துவிடுங்கள்.

இனி அந்த அழுகைக்கு வருகிறேன். எம்ஜிபி 5 லட்சம். எஞ்சினைக் கழற்றிக் கிடங்கின் மூலையில் மூடி வைத்தால் பத்து வருடம் கழித்தும் திரும்பப் போடலாம், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 எத்தனை? 1991 முதல் 2002 வரை, 70 ஆயிரத்துக்கும் கீழே. டர்போ போட்ட ரோட்டரி அதோடு நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆர்எக்ஸ்-8இல் டர்போ கிடையாது. 2023இல் எம்எக்ஸ்-30இல் திரும்பி வந்த ரோட்டரி மின்சாரம் தயாரிக்க மட்டும். அப்படியானால் ஓடுகிற நிலையில் இருக்கும் ஓர் ஆர்எக்ஸ்-7ஐப் பிரித்து, அதன் எஞ்சினைக் கொண்டுவந்து எம்ஜிக்குள் போடும்போது எந்தக் கார் சாகிறது? அதற்காக ஒருவரும் ஒப்பாரி வைத்து நான் பார்த்ததில்லை. மோதி நொறுங்கிய, துருப்பிடித்து உடல் போன ஆர்எக்ஸ்-7இலிருந்து எடுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. அதேபோல் 2,111 மட்டும் செய்த எம்ஜிஏ ட்வின் கேமையோ, 50 மட்டும் செய்த ஆஸ்டின்-ஹீலி 100எஸ்ஸையோ யாராவது தொட்டால் நானே வாசலில் மறியல் செய்வேன்.

என்னைக் கேட்டால்: ரப்பர் பம்பர் வைத்த கடைசிக் கால எம்ஜிபி, இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் டர்போ, தொழிற்சாலை வைத்த பூஸ்ட், அதற்கு மேல் ஒரு புள்ளி கூட ஏற்றாமல். மிச்சக் காசெல்லாம் ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் பிரேக்குக்கும். பெட்ரோல் நிரப்பும்போது கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்துகொள்வேன், சீல்களுக்கு நல்லது. மைலேஜ் பற்றிப் பேசவே மாட்டேன்.

இந்த வேலையைச் செய்து முடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், குதிரைத்திறனை அளக்கும் டைனோவில் வந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். கோடையில், நெரிசலில், அரை மணி நேரம் ஊர்ந்தபோது தண்ணீரும் எண்ணெயும் எத்தனை டிகிரி காட்டின என்று எழுதுங்கள்.