மஞ்சள் கசிந்தது மரத்தின் குற்றமில்லை

அந்தப் பச்சை பீரோ வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கீழே இருந்த கமெண்டுகளையும் கடைசி வரை படித்துவிட்டேன். பர்மா தேக்கில் செய்த இரட்டைக் கதவு பீரோ. அதன்மேல் ஓர் அம்மா நேராகப் பச்சை சாக் பெயிண்ட் (சுண்ணாம்பு போல மங்கலாகக் காயும், நீர் கலந்த பெயிண்ட்) அடித்திருக்கிறார். இரண்டாம் நாளே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கசிவு. ஒரு மாதத்தில் நகம் பட்டாலே ஏடு ஏடாக உரிகிறது. அதற்குக் கிடைத்த தீர்ப்பு: "பழைய மரம் அப்படித்தாங்க, காயலான் கடையில போட்டுடுங்க."

படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெயிண்டின் மேல்கூடப் பெரிய குற்றமில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே பூசியதுதான் குற்றம்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கதவின் உள்பக்கம் கண்ணில் படாத ஒரு மூலையில், பாலிஷ்காரர்கள் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு நிமிடம் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அவலரக்குப் பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. இது தெரியாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

"சாக் பெயிண்டுக்குத் தேய்க்கவே வேண்டாம்னு டப்பாவிலேயே போட்டிருக்கே" என்று கேட்பீர்கள். 1990இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் அதை உருவாக்கியதே பெரிய முன்வேலை இல்லாமல் பூசத்தான். ஆனால் பெயிண்ட் ஒட்டுவது வேறு, கறை மேலே வராமல் தடுப்பது வேறு. நீர் கலந்த பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது பழைய பாலிஷில் இருக்கும் சாயத்தையும் மரத்தின் துவர்ப்புச் சத்தையும் கரைத்து மேலே இழுத்துவிடும். மூன்றாவது கை, நான்காவது கை என்று அடித்துக்கொண்டே போனாலும் மஞ்சள் வந்துகொண்டேதான் இருக்கும். தோதகத்தியாக (ரோஸ்வுட்) இருந்தால் செம்மை கலந்த ஊதா வரும். உரிவதற்குக் காரணம் வேறு: எத்தனையோ வருடமாகத் துடைத்துத் துடைத்து ஏறிய மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும்.

அதனால் முதல் வேலை மெழுகை எடுப்பது. டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். துணி அழுக்காக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். அடுத்து 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் ரேகைப் போக்கிலேயே லேசாகத் தேய்த்தால் போதும். பளபளப்பு மங்கினால் சரி, மரம் வெளியே தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை. எங்காவது வெறும் மரம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தைத் தின்னரால் துடைத்து, உலர்ந்ததும் அன்றைக்கே மூடிவிடுங்கள். தேக்குக்கு இயல்பாகவே எண்ணெய் உண்டு. நாள் கடத்தினால் மறுபடி மேலே வந்துவிடும்.

மூடுவதற்கு அதே அவலரக்குதான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம். கண்ணாடி ஜாடியில் ஊறப்போடுங்கள், இரும்புப் பாத்திரம் கூடாது, கறுத்துவிடும். இடையிடையே குலுக்கிவிட்டு முழுதும் கரைந்த பிறகு அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, மெல்லிசாக இரண்டு கை, நடுவில் ஒரு மணி நேர இடைவெளி. மழைநாளில் செய்யாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. மறுநாள் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் பெயிண்ட் அடித்து இரண்டு நாள் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இன்னொரு கை அரக்கு. தெரியாவிட்டால் தாராளமாக முழுவதும் அடியுங்கள்.

இழுப்பறை உரசும் ஓரங்களில் மட்டும் பெயிண்ட் வேண்டாம், மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். அடித்து முடித்த கையோடு கதவைச் சாத்தினால் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரமாவது திறந்தே கிடக்கட்டும்.

ஏற்கெனவே வேறு பழைய பெயிண்ட் இருக்கும் பொருளென்றால் உலர் உப்புத்தாள் போடவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறதோ தெரியாது. அந்தத் தூசியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

"பழைய பொருளுக்குப் பெயிண்ட் அடிப்பதே பாவம்" என்று இன்னொரு கூட்டம் வந்து அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்திருக்கிறது. அவர்களோடும் நான் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் விண்ட்சர் என்னும் ஆங்கில மர நாற்காலிகளுக்குப் பெரும்பாலும் பச்சைப் பெயிண்ட்தான். வெயிலில் வெளிறி, தண்ணீர்க் கறை ஏறி, ஒட்டுப்பலகை வைத்துப் பழுது பார்த்த பொருளுக்குப் பெயிண்ட் அடிப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அரக்கு நன்றாக இருக்கும் பர்மா தேக்குக்கு அது தேவையா என்று ஒரு தடவை யோசிக்கலாமே? ஸ்பிரிட் தொட்ட துணியை லேசாக ஓட்டினாலே பழைய அரக்கு இளகிச் சின்னக் கீறல்கள் மூடிக்கொள்ளும். மேலே நாலு கை புது அரக்கு ஏற்றினால் வேலை முடிந்தது.

"அதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம் இருக்கு?" இந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது. சின்னச் சின்ன பெயிண்ட் டப்பாவை விலை கேட்காமல் வாங்குகிறோம். பாலிஷ்காரர் மூன்று நாள் கூலி சொன்னால் முகம் சுளிக்கிறோம். பஞ்சைத் துணியில் பொதிந்து, எட்டு எட்டாகச் சுழற்றி அரக்கு ஏற்றத் தெரிந்த கைகள் இன்று ஊருக்கு எத்தனை மிச்சம்? அவர்களில் ஒருவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வீடியோவே வந்திருக்காது. மியன்மார் தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்துக் காட்டு மரம், அந்த நெருக்கமான ரேகை, இனி எந்தக் கடையில் கிடைக்கும்? அதைக் காயலான் கடையில் போடச் சொல்ல எப்படி வாய் வந்தது?

அம்மா, இதை நீங்கள் படிக்கிறீர்களா தெரியாது. பீரோவைக் கொடுத்துவிடாதீர்கள். அடியில் இருப்பது அரக்குதான் என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கதவின் மேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் அரக்கு இளகும். மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் பச்சையும் சேர்ந்து வந்துவிடும். செதுக்குவேலை இருக்கும் இடத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். முதலில் ஒரு கதவை மட்டும் செய்து பார்த்துவிட்டு, வந்த நிறத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.