இறங்குவதற்குத் தனிக் கட்டணம்

எகிப்தின் கீசாவில் சுமார் 4,500 ஆண்டுகளாக நிற்கிறது கூஃபு மன்னனின் பிரமிடு. அதை ஐந்து நிமிடம் நிம்மதியாக அண்ணாந்து பார்க்க விடமாட்டார்கள். "இந்தியாவா? அமிதாப் பச்சன்!" என்று ஒருவர் தோளில் கைபோடுகிறார். குசலம் விசாரித்து முடிப்பதற்குள் என் தலையில் கட்டம்போட்ட துணி ஒன்று ஏறிவிடுகிறது. "பரிசு நண்பா, காசு வேண்டாம்" என்கிறார். கழற்றிக் கொடுத்தால் முகம் சுண்டிப்போகிறது. வைத்துக்கொண்டால் கை நீள்கிறது.

ஒட்டகக்காரர் இன்னும் கெட்டிக்காரர். ஏறுவதற்கு மலிவாகத்தான் விலை சொல்வார். மேலே போன பிறகுதான் தெரியும், ஒட்டகத்தை மண்டியிட வைக்க வேறு விலை என்று. ஆளுயரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு யாரால் பேரம் பேச முடியும்?

"லா, ஷுக்ரன்" என்று அரபியிலேயே மறுத்தேன். அரபி தெரிந்த ஆள் என்று பாராட்டி, விலையைக் குறைக்கிறார்!

2011 புரட்சிக்குப் பின் பயணிகள் வரத்து படுத்துவிட்டது. அப்போதும் ஒட்டகத்துக்குத் தீனி போட்டாக வேண்டியிருந்ததே, அவர்கள் வயிற்றுப்பாடு புரியாமல் இல்லை. அதற்காக, என் போனில் நான் படம் எடுத்தாலும் குறுக்கே வந்து நின்று கூலி கேட்பதா?

பொறுக்க முடியாமல் காவலரிடம் முறையிடப் போனேன். அவர் தடுப்புக் கயிற்றைத் தூக்கி, "இந்தப் பக்கம் வா, நல்ல படம் கிடைக்கும்" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுகிறார்.