அந்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

என் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தது ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்து உட்கார வைத்து, அண்டாவில் விறகு போட்டுக் காய்ச்சின தண்ணீரை அம்மா மூன்றாவது சொம்போ நாலாவது சொம்போ தலையில் ஊற்றும்போது அவன் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றுவிட்டது, கூப்பிட்டால் பதில் இல்லை, அப்புறம் கை கால் இழுத்துக்கொண்டு குளிக்கிற கல்லிலேயே சாய்ந்துவிட்டான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் ராயக்கோட்டைப் பக்கம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். குளிக்கிற இடத்தில் காத்து பட்டிருக்கிறது என்று ஒரு பாட்டி சொல்ல, அப்பா அந்தக் கல்லையே பெயர்த்து வீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார். அடுத்த மாதம் புது இடத்திலும் வந்தது.

இரண்டு வருஷம் அலைந்தோம். ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், நிற்கவில்லை என்றதும் அளவைக் கூட்டினார், பையன் வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்க ஆரம்பித்தான். "குளிக்கிறப்பதான் சார் வருது" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். யாரும் அதைச் சீட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தாலே பெரிது.

தக்காளி விற்ற காசை எடுத்துக்கொண்டு கடைசியில் பெங்களூரில் மனநலத்துக்கும் மூளை நரம்பு வியாதிகளுக்கும் வைத்தியம் பார்க்கிற நிம்ஹான்ஸுக்குப் போனோம். அங்கே முதலில் பார்த்தவர் இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர். கன்னடம் கலந்த தமிழில் அம்மாவிடம் அவர் கேட்டது இதுதான்: "அம்மா, பையனுக்கு வர்றப்போ தலைக்கு ஊத்திட்டு இருப்பீங்களா? தண்ணி நல்லா சுடுமா?"

அம்மா பையிலிருந்து காலண்டரை எடுத்தார். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர். வலிப்பு வந்த நாளில் எல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், எனக்கே அது தெரியாது. டாக்டர் உட்கார்ந்து எண்ணினார். 19 குறி. அதில் 17 சனிக்கிழமை. மீதி இரண்டு தீபாவளியும் பொங்கலும்.

அவர் எழுந்து போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார், கூடவே நாலைந்து மாணவர்கள். தம்பி கட்டிலைச் சுற்றி நின்றபடி பெரிய டாக்டர் பாடம் நடத்தினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டபோதுதான், எங்கள் மாமாவுக்கும் சின்ன வயதில் இப்படி வந்து தானாக நின்றுபோன கதை வெளியே வந்தது. இந்த வியாதிக்குப் பெயரே சுடுநீர் வலிப்பு. உலகத்தில் மற்ற இடங்களில் அபூர்வம். துருக்கியிலும் நம் தென்னிந்தியாவிலும், முக்கியமாகக் கர்நாடகத்தில்தான், அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. ஏன் என்றால், ஷவரில் நிற்பதும் தொட்டியில் படுப்பதும் வேறு, நாம் சொம்பு சொம்பாகக் கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றுகிறோம், அதுவும் விடாமல் வேகமாக. எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை, சிலருடைய மூளை மட்டும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருகிற தன்மையும் இதற்கு உண்டு.

நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். அது அந்த இளம் டாக்டரின் மூளையில் திடீரென்று உதித்த கேள்வி இல்லை. அவருக்கு முன்னால் அதே இடத்தில் டாக்டர் சதீஷ்சந்திரா போன்றவர்கள் பல வருஷமாக இந்த நோயாளிகளை எழுதி வைத்துப் படித்திருக்கிறார்கள். எலிகளின் தலையில் சுடுநீரைப் பாய்ச்சி மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தது 1996இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. இதே பெங்களூரில் ஜக்கூரில் இருக்கிற ஜவகர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து, இந்த வலிப்பு உள்ள குடும்பங்களின் மரபணுவை ஆராய்ந்து 10ஆவது குரோமோசோமில் இதோடு தொடர்புள்ள ஒரு பகுதியைக் காட்டினார்கள். அந்த அறிவு வகுப்பறைக்குப் போனது, வகுப்பிலிருந்து ஒரு மாணவரின் வாய்க்கு வந்தது, அவர் வாயிலிருந்து என் அம்மாவின் காதுக்கு வந்தது. இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் என் தம்பி இன்னும் தூக்க மாத்திரையில்தான் கிடந்திருப்பான்.

அந்த நிறுவனம் உண்டான விதமே அப்படி. 1974இல் மாநில அரசின் மனநல மருத்துவமனையையும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தையும் ஒன்றாக்கித்தான் நிம்ஹான்ஸ் வந்தது. வைத்தியம் பார்க்கிற இடமும் படிக்கிற இடமும் ஆராய்கிற இடமும் ஒரே வளாகம். நான் இப்போது அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அங்கே இருக்கிற மூளை அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். நிஜ மனித மூளையைக் கையில் கொடுக்கிறார்கள். எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இவ்வளவுதானா மிஸ் என்று கேட்டான். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

நமக்கு இன்னொரு பக்கம் வேலூர். 1980களில் வலிப்போடு வந்த பலருக்கு சி.டி. ஸ்கேனில் மூளையில் ஒரு சின்னக் கட்டி தெரியும், உடனே அதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது நிறையப் பேருக்கு அது காசநோயே இல்லை, நாடாப்புழுவின் முட்டை உணவிலோ தண்ணீரிலோ உள்ளே போய், அதிலிருந்து வந்த இளம்புழு மூளையில் தங்கினதால் வந்த கட்டி என்று தெரிந்தது. 1989இல் லான்செட் இதழில் வந்தது. எத்தனை ஆயிரம் பேர் தேவையில்லாத மாத்திரையிலிருந்து தப்பித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியைக் குணப்படுத்தினோம், வீட்டுக்கு அனுப்பினோம் என்று அவர்கள் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சரி, நம் மாவட்டங்களுக்கு வருகிறேன். தர்மபுரியில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் 2022இல் திறந்தாகிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கினதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. இதெல்லாம் என் அப்பா காலத்தில் கனவிலும் இல்லாதது, இதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண்களுக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், கல்லூரியில் படிக்கிற பிள்ளை அந்த வீட்டுக்கு ஒரு நாளாவது வர வேண்டும், இரண்டு பேரும் பார்த்ததை எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும். பெரிய மெஷின் எல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நமக்கென்றே ஒரு நரம்பு வியாதி இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் இருக்கிற ஃப்ளூரைடு என்கிற உப்பால் வருவது. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல்தான். பிள்ளைகளின் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பல்லோடு நின்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் சுண்ணாம்பு கட்டி எலும்பு மாதிரி ஆகி, தண்டுவடம் போகிற வழியே குறுகி, கால் விறைத்துப் பலம் போய்விடும். 1937லேயே, அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இதைப் பார்த்து ஷார்ட் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற சவ்வு சுண்ணாம்பாகித் தெரியும், அது பெரிய துப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தபின் நிலைமை நிறைய மாறியிருக்கிறது, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவர்கள் இன்றைக்குத்தான் அறுபது, எழுபது வயதில் கால் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யார் கணக்கெடுப்பது? சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறவருக்கு இது புத்தகத்தில் ஒரு பத்தி. தர்மபுரியில் படிக்கிற டாக்டருக்கு இது பக்கத்துத் தெரு. இதை நம் கல்லூரிகள் எடுத்துச் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் தலைக்குக் குளிக்கிற அன்று மட்டும், குளிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வருஷக்கணக்கில் அதுவே போதுமாக இருந்தது. எல்லோருக்கும் இதே வைத்தியம் இல்லை, சிலருக்குச் சாதாரண நேரத்திலும் வலிப்பு வரும், அவர்கள் தினமும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு வருஷமாகக் கால் விறைப்பு, இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். வாதம் என்று தைலம் தேய்க்கிறார்கள், ஊசியும் போட்டாயிற்று. போன வாரம் அவர் மகனிடம், அப்பா இளவயதில் எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேட்டேன். பென்னாகரம் பக்கம் மாமனார் ஊரில் இருபத்தைந்து வருஷம் விவசாயம் பார்த்தோம் டீச்சர், அந்தத் தோட்டத்து போர் தண்ணிதான், ஏன் கேட்கிறீங்க என்றான். ஒரு தாளில் அந்த ஊர், எத்தனை வருஷம், என்ன தண்ணீர், கால் எப்போது விறைக்க ஆரம்பித்தது எல்லாம் எழுதிக் கொடுத்து, கை எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கூட்டிப் போகிறான்.