அப்பாவைக் கொல்ல வந்தவன் அவரை ‘அவர்’ என்பானா, ‘அவன்’ என்பானா?

ஆன் குவின் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் எழுதிய ‘பெர்க்’ நாவலை நேற்று ராத்திரி இரண்டாவது முறையாக முடித்தேன். 1964-இல் வந்தது, அச்சில் வந்த அவருடைய முதல் நாவல். லண்டனில் ஜான் கால்டர் பதிப்பித்தார். சாமுவேல் பெக்கெட்டின் நாவல்களையும் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸையும் பிரிட்டனில் கொண்டுவந்தவரும் இதே கால்டர்தான். அவர்கள் இரண்டு பேரையும் படித்த நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள், ஆனால் குவின் என்று சொன்னால் யார் அது என்று கேட்கிறார்கள். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கதை முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. பெர்க் என்ற ஒருவன், பெயரைத் திருப்பிப் போட்டு கிரெப் என்று வைத்துக்கொண்டு, அப்பாவைக் கொல்வதற்காக ஒரு கடற்கரை ஊருக்கு வருகிறான். ஊரின் பெயரை நாவல் சொல்வதில்லை, ஆனால் குவின் பிறந்து வளர்ந்த பிரைட்டன்தான் என்பது தெரிந்துவிடும். சீசன் முடிந்து போன ஊர், ஈரம், குளிர், காலியான கடற்கரை. சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போன அப்பா, ஜூடித் என்ற பெண்ணுடன் ஒரு மலிவான விடுதியில் இருக்கிறார். பக்கத்து அறையை இவன் வாடகைக்கு எடுக்கிறான். நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு மட்டும்தான். அவர்கள் சண்டை போடுவது, கொஞ்சுவது, எல்லாம் இவனுக்குக் கேட்கிறது. தலைமுடி டானிக்கும் விக்கும் விற்கிற இந்த ஆள் தன் மகன் என்று அப்பாவுக்குத் தெரியாது.

இதற்கு மேல் நடப்பதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அப்பாவின் காதலியோடு மகன் படுக்கிறான். ஒரு கட்டத்தில் அவள் உடையை இவன் போட்டுக்கொண்டு இருக்கும்போது, குடித்துவிட்டு வந்த அப்பா இவனை அவள் என்று நினைத்துக் கட்டிப்பிடிக்கிறார். பிறகு கொலை. உடலை விரிப்பில் சுற்றி, இழுத்துக்கொண்டு அலைகிறான். எடை, வியர்வை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், பக்கம் பக்கமாக அதுதான். நமக்கும் மூச்சு வாங்குகிறது. கடைசியில் பார்த்தால் உள்ளே இருப்பது அப்பா இல்லை, அவர் மேடையில் வைத்துக் குரல் கொடுத்துப் பேசவைக்கும் பொம்மை.

முதல் தடவை படித்தபோது முப்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். உரையாடலுக்கு மேற்கோள் குறியே கிடையாது. பெர்க் நினைப்பது, அப்பா பேசுவது, ஜூடித் பேசுவது, அம்மா ஈடித் எழுதும் கடிதம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிறது. ‘அவன்’ என்று போகிற வாக்கியத்தின் நடுவில் ‘நான்’ வந்துவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, சமையலறையில் உட்கார்ந்து சன்னமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் பிடி கிடைத்தது. கண்ணால் படித்தபோது குழப்பமாக இருந்ததெல்லாம் காதுக்கு வந்ததும் தனித்தனிக் குரலாகப் பிரிந்தது. அந்தத் தடுப்புக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டிருப்பது பெர்க் மட்டும் இல்லை, நானும்தான்.

என் கருத்து இதுதான்: வரம்பு மீறுகிற எழுத்து, என்ன நடக்கிறது என்பதால் மட்டும் வரம்பு மீறுவதில்லை. அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த கதை கிரேக்கத்தில் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே மேடையேறிவிட்டது. அதில் நாம் பார்வையாளராகத் தள்ளி உட்கார முடியும். குவின் தள்ளி உட்கார விடுவதில்லை. யார் பேசுவது என்று தெரியாத இடத்தில் அந்தப் பேச்சை நம் வாயில் வைத்துவிடுகிறார். அதிர்ச்சிக்காக எழுதியது என்று இதை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிர்ச்சிதான் நோக்கம் என்றால் நேராக எழுதியிருக்கலாம், வேலையும் மிச்சம்.

அப்புறம் இன்னொரு வருத்தம். குவினைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் இறந்த விதத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். 1973 ஆகஸ்டில் பிரைட்டன் கடலில் இறந்தார், வயது 37. அது பெரிய துக்கம், மறுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நாவலாசிரியர் பி.எஸ். ஜான்சனும் இறந்துபோனார், எழுத்தை உயிராக நினைத்து எழுதுகிற கொஞ்சம் பேரில் ஒருவராகக் குவினைச் சொன்னவர் அவர். ஆனால் அந்தக் கடல் நாவல்களையும் சேர்த்து மூழ்கடித்துவிடக் கூடாது. குவின் செயலாளர் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய பெண். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பெரிய குடும்பப் பின்னணி இல்லை. நான்கு நாவல்கள், ‘பெர்க்’, ‘த்ரீ’, ‘பாசேஜஸ்’, ‘ட்ரிப்டிக்ஸ்’, எட்டு வருஷத்துக்குள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ‘பெர்க்’ எவ்வளவு சிரிக்க வைக்கிற நாவல் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பொம்மையை விரிப்பில் சுற்றி இழுக்கிற இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன், சிரித்ததும் வயிற்றில் ஏதோ கனத்தது. 2019-இலிருந்து ‘அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ பதிப்பகம் வரிசையாக மறுபதிப்பு போட்டதால்தான் என் கைக்கே வந்தது.

இதைத் தமிழில் கொண்டுவர ஆசை. முதல் பத்தியை நாலைந்து முறை எழுதிப் பார்த்தேன். மாட்டிக்கொள்கிற இடம் வினைமுற்று. ‘சொன்னான்’, ‘சொன்னாள்’, ‘சொன்னேன்’, தமிழில் விகுதி வந்த உடனே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது, குவின் அவ்வளவு கவனமாக மறைத்தது வெளிச்சமாகிவிடுகிறது. எச்சங்களாகவும் பெயர்ச்சொற்களாகவும் அடுக்கினால் கொஞ்சம் தூரம் போகலாம், ரொம்ப தூரம் போக முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் அப்பா. ஆங்கிலத்தில் ‘ஹி’ என்றால் போதும். தமிழில் கொல்ல வந்த மகன் மனசுக்குள் அவரை எப்படிச் சொல்வான்? ‘அவன்’ என்று எழுதினால் வெறுப்பு முதல் வரியிலேயே முடிந்துபோன விஷயமாகிவிடுகிறது. ‘கிழவன்’ என்றால் யாரோ ஒரு ஆள். ‘அவர்’ என்று எழுதிவிட்டுக் கொலையைத் திட்டமிட வைத்தால் கை கூசுகிறது, ஆனால் படிக்கும்போது அதுதான் உண்மையாக இருக்கிறது. இந்த நிமிஷம் வரை நோட்டில் ‘அவர்’ என்றுதான் இருக்கிறது, இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதியிருக்கிறேன்.